கல்மரத்துக்கும் ஓவர்ஸ்பீடு ஃபைன் போடலாமா?



போன தடவை எதையோ எழுதி உங்களை எல்லாம் தூங்க வைத்துவிட்டேன் என்று கிளாஸில் ஒரு கும்பல் கிளப்பிவிட்டது. அதனால் இந்த முறை எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட மேட்டர். பைக், கார், டாட்டா ஏஸ், டிப்பர் லாரி என்று எதை ஓட்டுபவராக இருந்தாலும் சரி. "நீ வேகமா வந்தே, ஃபைன் கட்டு" என்று யாராவது சொன்னால், "எவ்வளவு வேகம், எதை வச்சு அளந்தீங்க, காட்டுங்க" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா இல்லையா? இதுதான் இன்றைய கேள்வி.

என் பதில்: இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்கிற நிலைமை மாறி, கேட்காமலே கிடைக்க வேண்டும்.

முதலில் தலைப்புக்கு விளக்கம். நம்ம திருவக்கரை எதுக்கு ஃபேமஸ்? பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயில், மற்ற நாளில் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னால் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள். புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டு பாதுகாத்து வைத்திருக்கிறது. ஒரு இன்ச் கூட நகராது. அதைப் பார்த்து "மணிக்கு 138 கிலோமீட்டர் வேகம்" என்று ஒரு கருவி சொன்னால் சிரிப்பீர்களா மாட்டீர்களா?

அமெரிக்காவில் மயாமி நகரத்தில் 1979-ல் கிட்டத்தட்ட இதுவேதான் நடந்தது. போலீஸ் பயன்படுத்திய ரேடார் கருவியை வைத்து ஒரு டிவி சேனல் சோதனை செய்து பார்த்தது. நின்றுகொண்டிருந்த ஒரு பனை வகை மரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் போவதாகக் காட்டியது (நம்ம கணக்கில் 138 கி.மீ). ஒரு வீடு 28 மைல் வேகத்தில் போனது! வீடு பாவம், வரம்புக்குள் தான் போயிருக்கிறது :-) விஷயம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட் நிபுணர்களை வரவழைத்து விரிவாக விசாரித்துவிட்டு, அன்றைய நிலையில் அந்த ரேடார் அளவை நம்பித் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னார்.

1979 கருவியும் இன்றைய கருவியும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். இன்றைய கருவிகள் எவ்வளவோ தேவலை. ஆனால் அவை எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் தப்பு நடக்கலாம் என்பதும் தெரியும். ஃபிசிக்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் அடுத்த மூன்று பாராவைத் தாண்டிப் போகலாம்.

ரேடார் கன் டாப்ளர் விளைவில் வேலை செய்கிறது. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் சத்தம் கீச்சென்றும், தாண்டிப் போனதும் கொஞ்சம் இறங்கியும் கேட்கிறதே, அதே கதை. கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது, அது வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தை வைத்து வேகம் கணக்கிடப்படுகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், ரேடார் கற்றை தூரம் போகப் போக விரியும். முன்னால் ஒரு ஸ்ப்ளெண்டர், பக்கத்தில் ஒரு டிப்பர், பின்னால் ஓவர்டேக் செய்யத் துடிக்கும் ஒரு இன்னோவா என்று மூன்றும் கற்றைக்குள் இருந்தால், ஸ்க்ரீனில் வந்த எண் யாருடையது? பெரிய இரும்புப் பரப்பு உள்ள வண்டியிலிருந்து வரும் எதிரொலி பலமாக இருக்கும். கருவி சரியாக அளந்திருக்கலாம், ஆனால் வேறு வண்டியை!

லேசர் கன் இந்த விஷயத்தில் சமர்த்து. கற்றை ரொம்பக் குறுகலாக இருப்பதால் எந்த வண்டி என்ற குழப்பம் குறைவு. வண்டி இருக்கும் தூரத்தைச் சட்சட்டென்று பல முறை அளந்து, தூரம் குறையும் விகிதத்திலிருந்து வேகத்தைச் சொல்கிறது. ஆனால் பிடிப்பவரின் கை நகர்ந்து, லேசர் புள்ளி வண்டியின் பானெட்டில் ஆரம்பித்து பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனால் அளவு பிசகலாம். நல்ல கருவிகள் இதைக் கண்டுபிடித்து "எரர்" என்று காட்டிவிடும். ஆனால் அந்தக் கருவி நல்ல நிலையில் இருக்கிறதா என்று யார் சொல்வது?

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். ரோட்டோரத்தில் சாய்வாக நின்று அளந்தால், ரேடார் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அதாவது தப்பு நமக்குச் சாதகமாகவே இருக்கும். நம்ம வண்டி ஸ்பீடோமீட்டரும் பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டும், குறைத்துக் காட்டாத மாதிரிதான் தயாரிக்கிறார்கள். ஆகவே "எல்லா மெஷினும் ஃப்ராடு" என்று நான் சொல்ல வரவில்லை. அளவு பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் "பெரும்பாலும்" என்ற வார்த்தைக்கும் "எப்போதும்" என்ற வார்த்தைக்கும் இடையில் தான் நம்ம உரிமை நிற்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988. இதில் 112-வது பிரிவு வேக வரம்பு பற்றியது, 183-வது பிரிவு அதை மீறினால் தண்டனை. 2019 திருத்தத்துக்கு அப்புறம் கார் மாதிரி இலகு ரக வாகனத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய், நடுத்தர மற்றும் கனரக வாகனத்துக்கு 2000 முதல் 4000 ரூபாய் என்று ஆனது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாரும் கவனிக்காத வரி அதே 183-ல் மூன்றாவது உட்பிரிவில் இருக்கிறது. அதன் சாராம்சம்: "இவர் வேகமாக ஓட்டினார் என்று எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. அந்தக் கருத்து ஒரு கருவியால் எடுத்த அளவை அடிப்படையாகக் கொண்டது என்று காட்ட வேண்டும்.

படித்தீர்களா? அதாவது கண்ணால் பார்த்து "சும்மா பறந்து வந்தான் சார்" என்பது தனியாக நின்றால் சாட்சியமே இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, வேகத்தைக் கண் அளவில் சொல்ல முடியாது என்று.

அடுத்தது 112-வது பிரிவு. ஒரு சாலையில் மாநில அரசு தனியாக வேக வரம்பு வைக்க வேண்டுமானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், அத்தோடு பொருத்தமான இடங்களில் போர்டும் வைக்க வேண்டும். (ஒரு மாதத்துக்குள் முடிகிற தற்காலிகக் கட்டுப்பாடு என்றால் மட்டும் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை.) அப்படியானால் போர்டு இருந்ததா, எந்த எண் போட்டிருந்தது என்பதும் சாட்சியத்தில் ஒரு பகுதிதான்.

"போர்டு எல்லாம் ஒரு மேட்டரா?" என்பவர்களுக்கு டெல்லி கதை. 2019-ல் டெல்லியில் தேசிய நெடுஞ்சாலை 24-ல் நிஜாமுதீன் பாலத்துக்கும் காஜிபூருக்கும் இடைப்பட்ட பகுதியில் கேமரா வைத்து ஓவர்ஸ்பீடு சலான்களை அள்ளி வீசினார்கள். கேமராவில் செட் செய்த வரம்பு 60. ரோட்டில் இருந்த போர்டில் 70! போர்டைப் பார்த்து 65-ல் போன ஆள் கேமராவுக்குக் குற்றவாளி. கடைசியில் சுமார் ஒன்றரை லட்சம் சலான்களைத் திரும்பப் பெறுவதாக டெல்லி போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. இதில் எந்தக் கருவியும் பழுதில்லை. எல்லாம் சரியாகவே அளந்தன. தப்பு போர்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருந்தது. யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை அது வெளியே வந்திருக்காது.

வரம்பு எது என்பதே நம்ம ஊரில் லேசான கேள்வி இல்லை. 2018 ஏப்ரல் 6-ல் மத்திய அரசு வேக வரம்புகளை உயர்த்தி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விரைவுச் சாலையில் காருக்கு 120 என்று வந்ததே, அது. 2021-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.கிருபாகரன், டி.வி.தமிழ்செல்வி அமர்வு அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. சென்னை நகரத்துக்குள் 2023 நவம்பரில் வரம்பை மாற்றி கார் 60, பைக் 50, ஆட்டோ 40, குடியிருப்புப் பகுதியில் எல்லோருக்கும் 30 என்று அறிவித்தார்கள். ஆக ஒரே ஆள் ஒரே நாளில் திண்டிவனத்திலிருந்து கிளம்பி சென்னை போய்ச் சேர்வதற்குள் எத்தனை வரம்புகளைத் தாண்டுகிறான்! "நீ மீறியது இந்த வரம்பு, இந்த அறிவிப்பின்படி" என்று சலானில் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 2019 திருத்தத்தில் 136ஏ என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது, சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிப்பது பற்றி. அதற்கான விதி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது. கேமரா, ஸ்பீடு கன், போலீஸ்காரர் சட்டையில் மாட்டும் கேமரா, நம்பர் பிளேட் படிக்கும் கருவி எல்லாம் இதில் அடக்கம். அந்த விதி என்னென்ன கேட்டது பாருங்கள்:

1. கருவி துல்லியமாக, ஒழுங்காக வேலை செய்கிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

2. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

3. சலானோடு குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் புகைப்படம் இருக்க வேண்டும்.

4. கருவி அளந்த அளவு இருக்க வேண்டும்.

5. தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு என்பது இருக்க வேண்டும்.

6. மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இருக்க வேண்டும். (அப்போது சாட்சியச் சட்டம் 65பி. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவு.)

7. சலான் விவகாரம் முடியும் வரை பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஆறாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டரிலோ கேமராவிலோ பதிவான எதையும் கோர்ட்டில் காட்ட வேண்டுமானால், "இது இந்தக் கருவியிலிருந்து, அது ஒழுங்காக இயங்கியபோது எடுத்தது" என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியையே கோர்ட்டில் கொண்டுவந்து காட்டாத பட்சத்தில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று சொன்னது. அது ஒரு தேர்தல் வழக்கு. எம்.எல்.ஏ. பதவிக்கு உள்ள அதே விதிதான் நம்ம டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் :-)

இத்தனையும் காகிதத்தில் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சனை?

பிரச்சனை பணமும் நேரமும். ஒரு டாட்டா ஏஸ் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். தர்பூசணியோ தேங்காயோ ஏற்றிக்கொண்டு பாண்டி மார்க்கெட்டுக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுபவர். ஒரு நடைக்கு டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டியூ எல்லாம் போக கையில் நிற்பது சில நூறு. 1000 ரூபாய் ஃபைன் என்றால் ஒன்றிரண்டு நாள் உழைப்பு காலி. தான் வேகமாகப் போகவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அந்த நாள் ஓட்டம் போச்சு. வாய்தா வாங்கினால் இன்னொரு நாள். வக்கீல் வைத்தால் அவர் ஃபீஸ். நிரபராதி என்று நிரூபிக்க 3000 செலவு, குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள 1000 தான் செலவு. கணக்குத் தெரிந்த எவனும் கட்டிவிட்டுத்தான் போவான்.

இங்கே ஒன்று கவனியுங்கள். நாம் "ஸ்பாட் ஃபைன்" என்கிறோமே, அது சட்டப்படி தண்டனை இல்லை. 200-வது பிரிவின்படி ஒரு சமரசம். குற்றத்தை கோர்ட் வரை இழுக்காமல் பணம் கட்டி முடித்துக்கொள்வது. சமரசம் என்றால் இரண்டு பக்கமும் மனசார ஒத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? எதிர்ப்பக்கம் கையில் என்ன ஆதாரம் வைத்திருக்கிறது என்றே தெரியாமல் எப்படி ஒத்துக்கொள்வது? மாடு பார்க்காமல் விலை பேசுகிற மாதிரி!

அதனால்தான் சொல்கிறேன், ஆதாரம் கோர்ட்டில் காட்டினால் போதும் என்பது போதாது. கட்டுவதா, வழக்காடுவதா என்று முடிவெடுக்கும் முன்னால் காட்ட வேண்டும். நூற்றில் பெரும்பாலானோர் கோர்ட் வாசலையே மிதிக்காதபோது, கோர்ட்டில் மட்டும் கிடைக்கும் உரிமை யாருக்குப் பிரயோஜனம்?

இன்னொரு கிராமத்துச் சிக்கலும் இருக்கிறது. இ-சலான் எஸ்.எம்.எஸ். ஆர்.சி-யில் பதிவான நம்பருக்குப் போகிறது. நம்ம பக்கம் எத்தனை வண்டிகளின் ஆர்.சி. உண்மையான ஓட்டுபவர் பேரில் இருக்கிறது? செகண்ட் ஹேண்டில் வாங்கி, பேர் மாற்றாமல் ஓடுகிறது. அல்லது ஆர்.சி-யில் இருப்பது ஏஜென்ட் நம்பர். வண்டி விற்கப் போகும்போது தான் ஆறு மாசத்துக்கு முந்தைய சலான் பல்லிளிக்கும். ஆறு மாசம் கழித்து, "அன்னைக்கு அந்த நேரத்தில் அந்த ரோட்டில் எந்த ஸ்பீடில் போனே?" என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அப்போது நம்மிடம் இருக்கக்கூடிய ஒரே ஞாபகம் அந்தப் புகைப்படம் தான். பேர் மாற்றாதது நம்ம தப்பு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மாற்றிவிடுங்கள் மக்களே.

புகைப்படமும் வீடியோவும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பால்டிமோர் ஒரு உதாரணம். 2012 கடைசியில் அந்த அமெரிக்க நகரத்தில் ஒருவருக்கு, 25 மைல் வரம்புள்ள இடத்தில் 38 மைலில் போனதாக 40 டாலர் டிக்கெட் வந்தது. அந்த ஊரில் டிக்கெட்டோடு படமும், பார்க்க வீடியோவும் தருவார்கள். போட்டுப் பார்த்தால் கார் சிக்னலில் நிற்கிறது! பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கிறது! பால்டிமோர் சன் பத்திரிகை இதை வெளியிட்டு, இன்னும் பல பிழைகளையும் தோண்டி எடுத்தது. 2013-ல் நகர நிர்வாகம் அந்தக் கேமராத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. யோசித்துப் பாருங்கள், வீடியோ தராமல் "38 மைல்" என்று வெறும் எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால்? அந்த ஆள் கத்தியிருப்பார், யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே 2020 நவம்பர் 12-ல் அரசியல் சாசன நீதிமன்றமே இதை விசாரித்து முடிவு சொன்னது. தீர்ப்பின் சாரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கீகாரம் பெற்ற கருவி, முறைப்படி அளந்தது என்றால் கோர்ட் ஒவ்வொரு வழக்கிலும் கருவியைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, அளவை நம்பலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் காலத்தோடு கேட்டால், ஃபைலில் இல்லாமல் அதிகாரிகளிடம் இருக்கும் அளவீட்டுத் தகவல்களையும் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அதாவது, மெஷினை நம்புவது அரசாங்கத்தின் வசதி, சோதித்துப் பார்ப்பது குடிமகனின் உரிமை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அது காய்கறிக் கடை! தராசில் முத்திரை இல்லாமல் வியாபாரம் செய்தால் தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்து பிடிப்பார்கள். நம்ம பக்கத்து கல்குவாரி எடைமேடைக்கும் அதே கதை. கால் கிலோ தக்காளிக்கு முத்திரை வேண்டும் என்றால், ஆயிரம் ரூபாய் ஃபைனுக்கு? இதை அரசாங்கமே ஒத்துக்கொண்டது. சட்டமுறை எடையளவு விதிகளின் கீழ், வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளையும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை விதி கொண்டுவந்து, அது 2025 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. என்னைக் கேட்டால் ரொம்ப லேட், ஆனாலும் வரவேற்கிறேன். இனி "முத்திரை எங்கே அண்ணாச்சி?" என்று கடையில் கேட்பதை மரியாதையாக ரோட்டிலும் கேட்கலாம்.

இப்போது எதிர்க்கட்சி.

"டேய், ரோட்டில் ஜனங்க கொத்துக் கொத்தா சாகுறாங்க, நீ வேகமா போறவனுக்கு வக்காலத்து வாங்குறியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவு. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். நாடு முழுக்கச் செத்த 1,68,491 பேரில் 71 சதவீதம் பேரின் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. சென்னை–திருச்சி ரோட்டைக் குறுக்கே கடக்கும் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்த எண்களை யாரும் விளக்க வேண்டாம். பௌர்ணமி ராத்திரி கோயிலுக்கு நடந்து வரும் பெண்களும் குழந்தைகளும் வேன்களுக்கு இடையில் புகுந்து வருவதைப் பார்த்தவர்களுக்கும் தெரியும். வேகக் கட்டுப்பாடு வேண்டும். கேமரா வேண்டும். ஃபைனும் வேண்டும். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில் தான், 136ஏ-வை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களை நெருக்கியது. அதற்கு நான் கை தட்டுகிறேன்.

ஆனால் ஆதாரம் காட்டுவது வேகமாகப் போனவனைக் காப்பாற்றாது. அவனைத்தான் வசமாக மாட்டிவிடும்! படம், அளவு, நேரம், சான்றிதழ் எல்லாம் முன்னால் வைத்தால் அவன் என்ன பேச முடியும்? தப்பிப்பது யார் என்றால் தப்பு செய்யாதவன் மட்டும்தான். அதோடு, "எனக்கு வந்த சலான் நியாயமானது" என்று நம்புபவன் தான் அடுத்த தடவை ஆக்ஸிலேட்டரில் காலை லேசாக்குவான். "சும்மா வசூல் பண்றானுங்க" என்று நினைப்பவன் கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் மெதுவாகப் போய்விட்டு, தாண்டியதும் விரட்டுவான். இதைத்தானே தினமும் பார்க்கிறோம்.

இரண்டாவது ஆட்சேபம்: "ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான வண்டி, ஒவ்வொருத்தனுக்கும் ரோட்டில் நின்னு விளக்கம் சொல்ல முடியுமா?" முடியாது, வேண்டவும் வேண்டாம். வெயிலில் நிற்கும் காவலரோடு வாக்குவாதம் செய்வதில் எனக்கும் சம்மதமில்லை. அவரும் யார் வீட்டுப் பிள்ளையோ. சலானில் ஒரு லிங்க்கோ க்யூஆர் கோடோ இருந்து, வீட்டுக்குப் போய் மொபைலில் அமுக்கினால் படம், அளவு, கருவியின் சான்றிதழ், வரம்பு அறிவிப்பு நான்கும் வந்தால் போதும். தமிழில் வந்தால் இன்னும் உத்தமம்.

மூன்றாவது, அந்தரங்கம். படத்தில் பக்கத்து சீட்டில் யார் என்பதும் விழுமே! (கிளாஸில் சிலர் இப்போது நெளிவது தெரிகிறது.) அதற்குத்தான் வண்டி உரிமையாளரின் மொபைலுக்கு ஓ.டி.பி. அனுப்பி அவருக்கு மட்டும் காட்டலாம், மற்ற முகங்களை மறைக்கலாம். படம் காட்டாமல் இருப்பதற்கு இது காரணம் ஆகாது.

சரி, நாளைக்கே ஒரு சலான் வந்தால் என்ன செய்யலாம்? முதலில் பரிவாஹன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள், படம் ஏற்றியிருந்தால் அங்கேயே தெரியும். வண்டி உங்களுடையது தானா (ஒரே எழுத்து மாறினால் கூட வேறு வண்டி!), இடமும் நேரமும் பொருந்துகிறதா, வேகம் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் முணுமுணுக்காமல் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் பணம் கட்டும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் எத்தனை நாள் கெடு என்று இருக்கிறதோ அதைத் தவற விடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கவே இருக்கிறது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தத் தேதியில் இந்த இடத்தில் பயன்படுத்திய கருவியின் சோதனைச் சான்றிதழ் நகல், இந்தச் சாலைக்கான வேக வரம்பு அறிவிப்பின் நகல்" என்று இரண்டே வரி கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வண்டியை நீங்கள் ஓட்டவில்லை என்றால் ஓட்டியவர் விவரத்தைச் சொல்லிவிடுங்கள், 133-வது பிரிவின்படி கேட்டால் சொல்வது உரிமையாளர் கடமை. உரிமை பேசும்போது கடமையையும் பேச வேண்டும் இல்லையா?

அரசாங்கத்துக்கு என் கோரிக்கை சின்னதுதான். படமும், கருவி காட்டிய அளவும், கருவியின் முத்திரைத் தேதியும், வரம்பின் ஆதாரமும் இல்லாத ஓவர்ஸ்பீடு சலானை சாஃப்ட்வேரே ஏற்கக் கூடாது. ஆன்லைனில் ஃபார்ம் நிரப்பும்போது ஒரு கட்டத்தை விட்டால் "சப்மிட்" பட்டன் வேலை செய்யாதே, அந்த மாதிரி. ஸ்காலர்ஷிப் ஃபார்மில் வருமானச் சான்றிதழ் இணைக்காவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பும் அரசாங்கம், தனக்கும் அதே கண்டிப்பை வைத்துக்கொள்ளட்டும்.

காசு வாங்கும் முன் கணக்கைக் காட்டுவது மளிகைக் கடையில் கூட உள்ள வழக்கம். அதைத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

உங்கள் அனுபவம், எதிர்ப்பு, திட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். லாரி வைத்திருக்கும் வீட்டுப் பசங்க கட்டாயம் எழுத வேண்டும், உங்களுக்குத்தான் நிறையத் தெரியும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு "ஆதாரம் கேட்டா போதும், தப்பிச்சுடலாம்" என்று யாராவது 90-ல் பறந்தால் நான் பொறுப்பில்லை. கல்மரம் 2 கோடி வருஷம் அசையாமல் இருந்து தான் பேர் வாங்கியது. கொஞ்சம் மெதுவாகப் போனால் நாமும் ஒரு அறுபது எழுபது வருஷம் இருப்போம் :-)